பிளாஸ்திரி டப்பாவும் ரத்தம் நிறுத்தும் பையும்

சில வருடங்களுக்கு முன்பு, பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்கப் போன இடத்தில் உடைந்த ஜன்னல் கண்ணாடியில் கையை விட்டுவிட்டான். முன்கையில் நீளமான வெட்டு. ரத்தம் சொட்டவில்லை, துடித்துத் துடித்து வந்தது. அவன் அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான் ஓடிப்போய் எங்கள் காரில் கிடந்த முதலுதவிப் பையை எடுத்து வந்தேன். கார் வாங்கிய அன்று கொடுத்த பை அது. அதுவரை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. உள்ளே பத்துப் பிளாஸ்திரி, கொஞ்சம் பஞ்சு, காய்ந்துபோன ஒரு களிம்பு, நகம் வெட்டக்கூட உதவாத ஒரு கத்தரிக்கோல், இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டுத்துணி. அவ்வளவுதான். அந்தப் பையன் கையில் வைக்க அதில் ஒன்றுமே இல்லை.

எதிர்வீட்டு அக்கா ஒருவர் நர்ஸாக இருந்தார். கொடியில் காய்ந்த துண்டை இழுத்து, நாலாக மடித்து, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். ஆட்டோவில் ஏறும்போதும் விடவில்லை, மருத்துவமனை வாசலில் இறங்கும்போதும் விடவில்லை. பையன் பிழைத்தான். அதற்குப் பிறகுதான் நான் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். நான் மருத்துவன் இல்லை. பயிற்சி எடுத்து, நாலைந்து பைகளைப் பிரித்துக் கட்டிப் பார்த்தவன். அந்த அளவில் இதைச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் முதலுதவிப் பெட்டி என்று வைத்திருப்பது பெரும்பாலும் பிளாஸ்திரி டப்பா. காய்கறி நறுக்கும்போது விரலில் கீறல், குழந்தைக்கு முட்டியில் சிராய்ப்பு, தலைவலி மாத்திரை. அது தேவைதான். ஆனால் அந்தக் காயங்கள் எல்லாம் பெட்டி இல்லாவிட்டாலும் ஆறிவிடக்கூடியவை. பெட்டி இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான் என்கிற காயம் வேறு. சாலை விபத்து, அரிவாள் வெட்டு, மரம் அறுக்கும் எந்திரம், மாடியிலிருந்து விழுதல், கண்ணாடி. இவற்றுக்கு வைக்கும் பையைத்தான் வெளிநாடுகளில் டிராமா கிட் என்கிறார்கள். விபத்துக் காயப் பை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலக்காதீர்கள். அவசரத்தில் இருமல் மருந்துக்கும் தைலத்துக்கும் நடுவே கட்டுத்துணியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 2 லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. தொடையிலோ கையின் மேல்பகுதியிலோ ஓடும் பெரிய தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அறுந்தால், ஐந்து நிமிடத்துக்குள்கூட உயிர் போகலாம். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் போன் போட்டு, இடம் சொல்லி, வண்டி வந்து சேர அதைவிட நேரம் ஆகும். அதனால் பையில் போடுகிற ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடத்தில் இது ஒரு உயிரைப் பிடித்து நிறுத்துமா? நிறுத்தும் என்றால் மேலே வையுங்கள். இல்லை என்றால் பிளாஸ்திரி டப்பாவுக்குப் போகட்டும்.

ரத்தம் நிறுத்த

முதலில் கையுறை. ரப்பர் போல இருக்கும் நைட்ரைல் கையுறை, குறைந்தது மூன்று ஜோடி. அடுத்தவர் ரத்தம் வழியாக ஹெப்படைட்டிஸ் பி போன்ற நோய்கள் பரவக்கூடும். அந்தப் பயத்தில்தான் பல பேர் விபத்து நடந்த இடத்தில் தள்ளி நிற்கிறார்கள். கையுறை இருந்தால் கிட்டே போகத் தைரியம் வரும். இல்லாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டும் அழுத்தலாம்.

அடுத்து காஸ். மருந்துக்கடையில் காஸ் துணி என்று கேட்டால் கொடுப்பார்கள், மெல்லிய வலைபோன்ற பருத்தித் துணி. கிருமி நீக்கி உறையிட்ட சதுரத் துண்டுகள் பத்தாவது வேண்டும். அதோடு நீளச் சுருளாக வரும் காஸ் இரண்டு மூன்று. இந்தப் பையில் எதையாவது அதிகமாக வாங்குவதென்றால் இதைத்தான் வாங்கவேண்டும். விலை குறைவு, பயன் அதிகம். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள். இழை இழையாகப் பிரிந்து காயத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மருத்துவர் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டியிருக்கும்.

காயத்தின் மேல் காஸை வைத்து, உள்ளங்கையால், முழங்கையை மடக்காமல், உங்கள் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். தொட்டுக்கொண்டிருப்பது அழுத்துவது ஆகாது. காயம்பட்டவர் வலியில் கத்துவார். கத்தினாலும் கையை எடுக்கக்கூடாது. குறைந்தது பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவும் கூடாது, அப்போதுதான் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி பீறிடும். துணி நனைந்துகொண்டே வந்தால், அழுத்தும் இடம் சரிதானா என்று யோசியுங்கள். ரத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் புள்ளிக்கு நேர் மேலே கை இருக்கவேண்டும்.

காயம் ஆழமாக இருந்தால், மேலே வைத்து அழுத்துவது போதாது. தொடை இடுக்கு, அக்குள், தோள் மடிப்பு போன்ற இடங்களில் சுருள் காஸின் நுனியை விரலால் குழிக்குள் ரத்தம் வரும் இடம் வரை தள்ளி, அதற்கு மேல் இன்னும் இன்னும் திணித்து, குழி நிறைந்த பிறகு மேலிருந்து அழுத்தவேண்டும். கேட்கவே கூசும், தெரியும். பயிற்சியில் முதன்முறை செய்தபோது எனக்கும் கை நடுங்கியது, அது வெறும் ஸ்பாஞ்சு பொம்மைதான் என்றாலும். ஆனால் அந்த இடங்களில் ரத்தத்தை நிறுத்த வேறு வழி இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இது பொருந்தாது. அங்கே எதையும் உள்ளே திணிக்கக்கூடாது.

அழுத்தத்தைக் கட்டி நிறுத்த கிரேப் பேண்டேஜ் வேண்டும். சுளுக்குக்குச் சுற்றுவோமே, அந்த இழுபடும் துணிதான். 10 செ.மீ. அகலத்தில் ஒன்று, 15 செ.மீ.யில் ஒன்று. ரத்தம் கட்டுக்குள் வந்ததும் காஸின் மேல் இதை இறுக்கமாகச் சுற்றிவிட்டால் உங்கள் கை அடுத்த வேலைக்குக் கிடைக்கும். கட்டிய பிறகு விரல் நுனியைப் பாருங்கள். நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ கொஞ்சம் தளர்த்துங்கள்.

டூர்னிக்கெட் பற்றிக் கொஞ்சம் விரிவாக

கையிலோ காலிலோ ரத்தம் பீறிடுகிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கடைசி ஆயுதம் டூர்னிக்கெட். அகலமான ஒரு பட்டை, அதில் ஒரு குச்சி. பட்டையைக் கை அல்லது காலைச் சுற்றிப் போட்டு இழுத்து, குச்சியைத் திருகத் திருக, உள்ளே ஓடும் தமனி நசுங்கி ரத்தம் நின்றுவிடும். புதிய யோசனை இல்லை. ழான் லூயி பெத்தி என்ற பிரெஞ்சு அறுவைச் சிகிச்சையாளர் 1718-லேயே திருகாணி வைத்த ஒன்றைச் செய்து காட்டினார். நடுவில் பல காலம், இதைக் கட்டினால் கை கால் போய்விடும் என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டில் இராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் சீக்கிரமாகச் சரியாகக் கட்டிய டூர்னிக்கெட் பல உயிர்களைக் காப்பாற்றியது. அந்த அனுபவத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோக, அமெரிக்காவில் 2015-ல் ஸ்டாப் த பிளீட் என்ற பெயரில் ஒரு இயக்கமே தொடங்கினார்கள்.

கட்டும் முறை இதுதான். காயத்துக்கு மேலே, அதாவது காயத்துக்கும் உடம்புக்கும் நடுவில், மூன்று விரல் தள்ளி. முழங்கை மேலும் முழங்கால் மேலும் கட்டக்கூடாது, அதைத் தாண்டி மேலே போய்க் கட்டவேண்டும். ரத்தம் நிற்கும்வரை திருகி, குச்சியை அதன் கொக்கியில் பூட்டவேண்டும். கட்டிய நேரத்தை மார்க்கர் பேனாவால் பட்டையிலோ நெற்றியிலோ எழுதவேண்டும். இதற்காகவே பையில் ஒரு பெர்மனென்ட் மார்க்கர் கட்டாயம். கட்டியபின் வலி மிகக் கொடுமையாக இருக்கும். பாவம் என்று இரக்கப்பட்டுத் தளர்த்திவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் வரை பொதுவாகக் கை காலுக்குப் பெரிய சேதம் வராது. அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

இதை வாங்குவதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. மருந்துக்கடையில் போய் டூர்னிக்கெட் என்று கேட்டால், லேபில் ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுவார்களே, அந்தப் பட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் அதுதான், வேலை அது இல்லை. அது சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயைப் புடைக்கவைக்க மட்டும். தமனியை நிறுத்தாது. இன்னொன்று, இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு வரும் போலிகள். பார்க்க அசலைப் போலவே இருக்கும், திருகும்போது குச்சி வளையும், அல்லது முறியும். நல்லது ஆயிரங்களில்தான் கிடைக்கும். அந்தப் பணம் இப்போது இல்லை என்றால் போலியை வாங்கவேண்டாம். அதற்குப் பதில் இன்னும் பத்து காஸ் வாங்கி, சரியாக அழுத்தப் பழகுங்கள். பெரும்பாலான ரத்தப்போக்கு அழுத்தினாலே நின்றுவிடும். கயிறு, ஒயர், ஷூ லேஸ் இவற்றால் இறுக்குவது ஆகாது. மெல்லியதாக இருப்பதால் தோலையும் நரம்பையும் அறுக்குமே தவிரத் தமனியை அடைக்காது.

நம் ஊருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. டூர்னிக்கெட்டைப் பாம்புக்கடிக்குக் கட்டாதீர்கள். பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டவேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் பையில் இப்படி ஒரு பட்டையைப் பார்த்ததும் கை தானாக அதற்குப் போகும். கட்டினால் விஷம் நிற்காது. கண்ணாடிவிரியன் கடித்த இடம் ஏற்கெனவே வீங்கி அழுகத் தொடங்கும், கட்டு அதை இன்னும் மோசமாக்கும். அவிழ்க்கிற நேரத்தில் விஷம் மொத்தமாக ஏறவும் கூடும். கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் வீண். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததைப் போல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது. நம் பக்கத்து மனிதர்களின் உழைப்பு அந்த ஊசியில் இருக்கிறது. அதை வீட்டுப் பையில் வைக்க முடியாது, மருத்துவமனையில்தான் போடமுடியும். எனவே பாம்புக்கடிக்கு உங்கள் பை செய்யக்கூடிய உதவி, அசையாமல் கட்டுவதும் சீக்கிரம் கிளப்புவதும்தான்.

முக்கோணத் துணியும் மற்றவையும்

அசையாமல் கட்ட முக்கோணத் துணியைப் போல ஒன்று இல்லை. பிரெட்ரிக் ஃபான் எஸ்மார்க் என்ற ஜெர்மானிய ராணுவ மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பரவலாக்கினார். அவர் செய்த ஒரு அழகான காரியம், எங்கெங்கே எப்படிக் கட்டுவது என்ற படங்களை அந்தத் துணியிலேயே அச்சடித்துவிட்டார். படிக்கத் தெரியாத சிப்பாயும் படத்தைப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். இதைக் கடையில் தேடவேண்டாம். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை கிழித்தால் இரண்டு கிடைக்கும். கை முறிந்தால் கழுத்தில் மாட்டும் தொட்டில், தலைக் காயத்துக்குத் தலைப்பாகை, கால் முறிந்தால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டும் பட்டை எல்லாமே இதுதான். நான்கு வையுங்கள், கூடவே ஆறு ஊக்கு. முறிந்த இடத்துக்குத் தாங்கலாக மரப்பலகை வேண்டும் என்பதில்லை. இரண்டு நாளிதழைச் சுருட்டினாலும் கெட்டியான அட்டையை மடித்தாலும் போதும். முறிந்ததை நேராக்கிக் கட்ட முயலாதீர்கள், இருக்கும் நிலையிலேயே கட்டுங்கள்.

நல்ல கத்தரி ஒன்று வேண்டும். முனை மழுங்கி, கொஞ்சம் வளைந்து, ஜீன்ஸையும் பெல்ட்டையும் வெட்டக்கூடியது. டிராமா ஷியர்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். காயம் எங்கே என்று பார்க்காமல் கட்டமுடியாது. துணியைக் கழற்ற முயன்றால் முறிந்த எலும்பு அசையும், வெட்டுவதே வழி. இரவில் இதெல்லாம் நடக்கும் என்பதால் நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று. போன் விளக்கு போதுமே என்று தோன்றும். ஆனால் இரண்டு கையும் காயத்தில் இருக்கும்போது போனை யார் பிடிப்பார்கள்? தவிர, அந்தப் போனில்தான் 108-உடன் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு போர்வை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்தம் போனவரின் உடம்பு, நம் ஊர் வெயிலிலும் குளிர்ந்துபோகும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, உறையாவிட்டால் இன்னும் போகும். கீழே தார்ச்சாலையில் ஈரத்துணியோடு கிடப்பவருக்கு ஒரு போர்வை போர்த்துவதும் ரத்தத்தை நிறுத்தும் வேலையில் ஒரு பகுதி. வெள்ளி நிறத்தில் மடித்து வரும் மெல்லிய அவசரப் போர்வை கைக்குட்டை அளவுக்குள் அடங்கிவிடும். இல்லாவிட்டால் பழைய சால்வை.

தீக்காயத்துக்கு வைக்கவேண்டியது களிம்பு இல்லை. சமையலறையில் சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, கிளிங் ஃபிலிம், அதில் ஒரு சுருள். தீப்பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20 நிமிடம், நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம் அது. ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். பிறகு அந்தத் தாளை இறுக்கிச் சுற்றாமல் மேலே பரப்பி வையுங்கள். ஒட்டாது, தூசி படாது, மருத்துவர் பிரிக்காமலே பார்க்கலாம். இட்லி மாவு, பற்பசை, பேனா மை மூன்றும் நம் வீடுகளில் தலைமுறையாக வரும் வைத்தியம். தீபாவளி இரவில் மருத்துவமனைக்கு வரும் கைகளில் இவற்றைச் சுரண்டி எடுப்பதே ஒரு வேலை, சுரண்டும்போது குழந்தைக்கு வலி. வெட்டுக்காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் வைப்பதும் அப்படித்தான். அன்போடு செய்கிறோம், ஆனால் காயம் அழுக்காகிறது.

கழுவ நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) சின்னப் பாட்டில் இரண்டு. இல்லாவிட்டால் குடிக்கும் தண்ணீரே போதும். டெட்டாலை நீர் கலக்காமல் காயத்தில் ஊற்றுவதை விட்டுவிடுங்கள், நல்ல சதையும் வெந்துபோகும். ஒரு சின்னச் சோப்புக் கட்டியையும் பையில் போடுங்கள். நாய் கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் சிகிச்சை. கழுவியபின் அன்றே தடுப்பூசிக்குப் போகவேண்டும். வெறிநோய் வந்தபின் மருந்து கிடையாது. ஒரு சின்னச் சோப்புக்கு இந்தப் பையில் இடம் கொடுக்க அது ஒன்றே போதுமான காரணம்.

கட்டை ஒட்டும் மைக்ரோபோர் டேப் இரண்டு சுருள், ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு, ஒரு விசில். மாத்திரைகளை இந்தப் பையில் சேர்க்கவேண்டாம். அவை பிளாஸ்திரி டப்பாவில் இருக்கட்டும். தையல் ஊசி, நூல், ஊசிமருந்து இவற்றை இணையத்தில் பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி இல்லாத கையில் அவை பையின் எடையைக் கூட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது.

பையில் இல்லாத பொருட்கள்

சில விஷயங்களுக்குப் பையில் ஒன்றும் வேண்டியதில்லை, செய்யாமல் இருந்தால் போதும். விபத்தில் விழுந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் இரத்தத்தில் ஊறிய மரியாதை. கொடுக்காதீர்கள். மயக்கத்தில் மூச்சுக்குழாயில் போய்விடும், அறுவைச் சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும்போது வாந்தி வந்து அதுவே ஆபத்தாகும். உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். காயத்தில் கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். உள்ளே அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சுற்றிக் காஸை அடுக்கி, அசையாமல் கட்டுங்கள். நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது முதுகெலும்பு முறிந்தவரை முடக்கிவிடும். வண்டி மோதும், தீப்பிடிக்கும் என்ற ஆபத்து இல்லாவிட்டால், கிடக்கும் இடத்திலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். ஹெல்மெட்டும் அப்படியே இருக்கட்டும், மூச்சுவிட முடியாமல் திணறினால் தவிர.

அப்புறம் போலீஸ் பயம். உதவப் போய், வழக்கில் மாட்டி, நீதிமன்றத்துக்கு அலையவேண்டுமோ என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் வழிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. பணத்தைப் பற்றியும் தயங்கவேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், வரம்புக்குள் அரசே ஏற்கிறது. இந்த இரண்டு தகவலையும் ஒரு அட்டையில் எழுதிப் பையின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். கூட்டத்தில் ஒருவர் தயங்கும்போது காட்ட உதவும்.

அதே அட்டையில் 108, 112, வீட்டில் ஒவ்வொருவரின் ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினசரி என்ன மாத்திரை என்பதும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். 108-க்குப் பேசும்போது இடம் சொல்வதில்தான் நேரம் வீணாகிறது. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல், பக்கத்து மைல்கல்லில் இருக்கும் எண்ணையோ எதிரே தெரியும் கடைப் பலகையையோ படித்துச் சொல்லுங்கள்.

அடுக்குவதும் வைப்பதும்

பை சிவப்பாக இருக்கட்டும், முழுதாக விரித்துத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். குடைந்து தேடும் பை வேண்டாம். மேலே கையுறை, அதற்கடுத்து காஸ், டூர்னிக்கெட், கத்தரி. அதற்குக் கீழே கட்டுத்துணிகள், போர்வை. அடியில் மற்றவை. டூர்னிக்கெட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உடனே மாட்டும்படி மடித்து வையுங்கள். ரத்தம் வழுக்கும் விரலோடு பிளாஸ்டிக்கைக் கிழிக்க முடியாது, பல்லால்தான் கடிக்கவேண்டும். மார்க்கரைப் பையின் ஜிப்பில் நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பையில்தான் கிடைக்கும்.

பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் ஏழு வயதுக் குழந்தைகூட "சிவப்புப் பையை எடுத்து வா" என்றால் எடுத்துவரும் உயரத்தில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வண்டியில் வைப்பதென்றால் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை உருகும், கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே டிக்கியில், தடித்த பைக்குள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கையுறை, காஸ், ஒரு கிரேப் பேண்டேஜ், ஒரு முக்கோணத் துணி நான்கையும் ஜிப் கவரில் போட்டு வைத்தால் போதும். மழைத் தண்ணீர் இறங்காது.

வருடத்துக்கு இரண்டுமுறை பிரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும் நாளும் சித்திரைப் பிறப்பும். ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி, தேதி மறக்காது. காலாவதித் தேதி, கிழிந்த உறை, நெகிழ்வு போன கையுறை, டார்ச்சின் பேட்டரி. ஆயுத பூஜை அன்று வண்டிச் சாவியோடு அந்தச் சிவப்புப் பைக்கும் ஒரு பொட்டு வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அதே நாளில் ஒருமுறை கட்டியும் பாருங்கள். வீட்டில் ஒருவர் கையை நீட்டட்டும், இன்னொருவர் காஸ் வைத்து அழுத்தி, கிரேப் பேண்டேஜ் சுற்றி, தொட்டில் மாட்டட்டும். டூர்னிக்கெட்டை உங்கள் தொடையிலேயே மாட்டி, வலி தெரியும்வரை திருகி உடனே அவிழ்த்துப் பாருங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு நிற்கும் அளவுக்கு எவ்வளவு திருகவேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் புரியும். பழகுவதற்கு ஒன்று, பைக்கு ஒன்று என்று தனியாக இருப்பது நல்லது, திரும்பத் திரும்பத் திருகியது தளர்ந்துவிடும். முடிந்தால் செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் பயிற்சிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் சிபிஆரைக் கட்டுரை படித்துக் கற்கமுடியாது, பொம்மை மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும்.

டூர்னிக்கெட்டைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரே நாளில் வாங்கவேண்டியதும் இல்லை. இன்று மருந்துக்கடைப் பக்கம் போனால் காஸும் கையுறையும் ஒரு கிரேப் பேண்டேஜும் வாங்கிவிடுங்கள். வேட்டி வீட்டிலேயே இருக்கும்.